மைக்கில் சொன்ன நல்ல சேதி

கண்டியில் நான் பார்த்த வேலையை யாருக்கும் ஒரே மூச்சில் விளக்க முடிந்ததில்லை. வழக்கில் மாட்டி, சீர்திருத்தப் பாடசாலையில் இருந்துவிட்டு வீடு திரும்பும் பையன்களுக்கு எங்கள் சிறிய நிறுவனம் ஆளுக்கொரு வழிகாட்டியை ஏற்பாடு செய்யும். அந்த வழிகாட்டிகளை மேற்பார்வை செய்வது என் பொறுப்பு. பையன்களையாவது சமாளித்துவிடலாம், வழிகாட்டிகள்தான் என் உயிரை வாங்கினார்கள். பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள், என் அப்பா வயது. நான் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, வாசலைத் தாண்டியதும் தங்களுக்குத் தோன்றியதைச் செய்வார்கள்.

அவர்களில் தெல்தோட்டைப் பக்கத்து மாஸ்டரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பித்து ஓய்வுபெற்றவர். ஆபீசில் எல்லோருக்கும் நான் மிஸ், அவருக்கு மட்டும் மகள். இத்தனைக்கும் அவரைப் போல உழைத்தவர் என்னிடம் வேறு யாரும் இல்லை. மற்றவர்கள் ஒரு போனைப் போட்டுவிட்டு, போய்ப் பார்த்ததாகச் சொல்வார்கள். இவர் மாதம் தவறாமல் பஸ் மாறிப் பஸ் மாறிச் சீர்திருத்தப் பாடசாலைக்கே போய், பையனுக்கு முறுக்குக் கொடுத்து, அம்மாவின் சேதியைச் சொல்லி, அவன் சொல்வதைக் கேட்டு வந்து அம்மாவிடமும் சொல்வார். சும்மா இருக்கிறவரைத் திட்டலாம். ஓடி ஓடிச் செய்கிறவரை என்னவென்று திட்டுவது?

நான் சொல்லும் பையன், தோட்டத்து உர ஸ்டோரை உடைத்து மூட்டைகளை வெளியே விற்ற கூட்டத்தில் ஒருவன். பெரியவர்கள் நழுவிவிட்டார்கள், இவன் அகப்பட்டான். அன்றிரவு காவலுக்கு நின்ற வாட்சருக்கு வேலை போயிற்று. வாட்சரின் குடும்பமும் பையனின் குடும்பமும் ஒரே லயத்தில், தொழிலாளர்களுக்கான அந்த நீள வரிசை வீடுகளில் சில காம்பிரா அறைகள் தள்ளித்தான் குடியிருந்தன.

பையனின் அம்மா, மகன் கொழும்பில் கடையில் நிற்கிறான் என்று சொல்லி வைத்திருந்தார். மலையகத்தில் அதைவிட நம்பத் தகுந்த பொய் கிடையாது. வீட்டுக்கொரு பிள்ளை அப்படித்தான் நிற்கிறது. லயத்தில் எல்லோருக்கும் உண்மை தெரியும், பொலிஸ் ஜீப் வந்ததைப் பார்த்தவர்கள்தானே. ஆனாலும் தண்ணீர் பிடிக்கிற பீலியில் சந்தித்தால், "கொழும்புல மகன் சொகமா இருக்கானா?" என்று கேட்பார்கள். அம்மாவும் சுகமாக இருப்பதாகச் சொல்வார். வாட்சரின் மனைவிகூட அப்படிக் கேட்பதுண்டு.

அதனால் பையன் வெளியே வரும் நாள் நெருங்கியதும், அவனுக்கு வழிகாட்டியான மாஸ்டரிடம் படித்துப் படித்துச் சொன்னேன். "சத்தமில்லாமக் கூட்டிட்டுப் போய் விட்டுடுங்க மாஸ்டர். கொழும்புல இருந்து வந்த மாதிரியே இருக்கட்டும். பேராதனையில டயர் கடையில வேலை பேசியாச்சு. பஸ்ஸில போய் வந்துகிட்டு அம்மாகூட இருந்தாப் போதும்."

"அது எனக்குத் தெரியாதா மகள்?" என்றார்.

பையன் வீடு சேர்ந்த கொஞ்ச நாளில் தோட்டத்து அம்மன் கோயில் திருவிழா. என்னையும் அழைத்திருந்தார்கள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்தக் கோயில் திருவிழா என்றாலும் மைக் மாஸ்டர் கையில்தான். உபயம் கொடுத்தவர்களின் பெயரைச் சொல்வது, கூட்டத்தில் தொலைந்த பிள்ளைக்குத் தாயைத் தேடுவது, எல்லாம் அவர் குரலில்தான் நடக்கும். பூசை முடிந்து, பையனின் அம்மாவுக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தபோது ஒலிபெருக்கி செருமியது.

"பஞ்சாமிர்த உபயம், நமது லயத்துச் சகோதரியின் செல்வப் புதல்வன். செய்த பிழைக்குத் தண்டனை அனுபவித்து, திருந்தி, புது மனிதனாக நம்மிடம் திரும்பி வந்திருக்கும் இந்தத் தம்பியை அனைவரும் கரகோஷம் செய்து வரவேற்குமாறு அன்போடு கேட்டுக்கொள்கிறேன்."

உபயம் மாஸ்டருடையது. பையனின் பெயரில் கொடுத்திருக்கிறார். அதோடு விடாமல் அவனைக் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்து மாலையும் போட்டார். சின்னப் பிள்ளைகள் கைதட்டினார்கள். பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பையனின் அம்மா மேடையைப் பார்க்கவேயில்லை, எதிர்ப்பக்கம் இருந்த வாட்சரின் மனைவியைத்தான் பார்த்தார். அந்தப் பெண் பிரசாதத் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். எனக்கு மைக் வயரைப் பிடுங்கி எறிய வேண்டும் போலிருந்தது.

மறுநாள் காலை பையனின் அம்மா போனில் அழுதார். பீலியில் வாட்சரின் மனைவி குடத்தை நடுவழியில் வைத்துவிட்டுக் கேட்டாராம்: "ஒம் மகன் திருந்தி வந்தான்னு மாலை போட்டாங்க. எங்க வீட்டு ஆளு எதையும் திருடல்லியே, அவருக்கு யாரு மாலை போட்டா? எல்லாந் தெரிஞ்சுதான் ஓங்கிட்ட கொழும்பப் பத்திக் கேட்டேன். இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்கச் சொல்ற?"

நியாயமான கேள்வி. பையனுக்கு வழிகாட்டி உண்டு, வழிகாட்டிக்கு நான் உண்டு, என்னை விரட்ட மேலே ஆட்கள் உண்டு. வாட்சருக்கு யாரும் கிடையாது. எங்கள் திட்டத்தில் அப்படி ஒரு மனிதர் இருப்பதாகவே யாரும் நினைத்துப் பார்த்ததில்லை.

மாஸ்டரைக் கண்டிக்கு வரச் சொன்னேன். கோயில் பிரசாதத்தோடு வந்து எதிரே கதிரையில் உட்கார்ந்தார்.

"ஒளிச்சு மறைச்சு எத்தனை நாளைக்கு மகள்? நாலு பேருக்கு முன்னால மரியாதை கிடைச்சாத்தானே தலை நிமிர்ந்து நடப்பான்?"

"அவன் தலை நிமிரணும்னுதான் லயமே வாயை மூடிக்கிட்டு இருந்திச்சு மாஸ்டர். நீங்க மைக்கை வச்சுத் தொறந்து விட்டுட்டீங்க."

"நான் நல்லதத்தானே சொன்னேன்."

இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டிருப்பேன். கேட்கக் கேட்க எனக்குத் தலைவலிதான் மிச்சம். வேலையிலிருந்து நிறுத்திவிடலாம் என்று வாய் வரை வந்தது. நிறுத்தினால் அடுத்த பையனைப் பார்க்க பஸ் மாறிப் போவது யார்? வாட்சர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்கச் சொன்னேன், போனார். வாட்சர் உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்தாராம். மனைவி குசினி அடுப்பை விட்டு வெளியே வரவில்லையாம்.

அதன் பிறகு சண்டை எதுவும் இல்லை. யாரும் யாரையும் ஏசவில்லை. பையன் காலையில் வேலைக்குப் போகும்போது வாட்சர் வீட்டுக் கதவு சாத்திக்கொள்ளும், அவ்வளவுதான். ஒருநாள் பேராதனைக் கடைக்குப் போய் எப்படி இருக்கிறாய் என்று அவனைக் கேட்டேன். டயரை உருட்டிக்கொண்டே, "அம்மா இப்ப விடியிறதுக்கு முந்தியே போயித் தண்ணி புடிக்குது மிஸ்," என்றான். எப்படியாவது பொறுத்துக்கொள் என்று நான் சொன்னேன். எனக்கே அது உப்புச்சப்பில்லாமல் கேட்டது.

சில வாரங்களில் அவன் டயர் கடைக்கு வருவதை நிறுத்திவிட்டான். மாஸ்டர் அவனைத் தேடி ஊரெல்லாம் அலைந்தார். கடைசியில் பையனின் அம்மாவே என் ஆபீசுக்கு வந்தார். நான் கேட்பதற்கு முன்பே சொன்னார்.

"மகன் கொழும்புக்குப் போயிட்டான் மிஸ். கடையில நிக்கிறான்."

நான் அவர் முகத்தையே பார்த்தேன்.

"நெசமாத்தான் மிஸ். ஆனா இப்ப யாரும் கேக்கிறதில்ல."