யின்லியான் தாண்டிய நெருப்பு

வூஹான் மருத்துவமனைகளில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள வரும் கிராமத்துப் பெண்களுக்கு நான்தான் பயிற்சி கொடுத்தேன். முதலில் நகத்தைப் பார்ப்பேன். பிறகு ஒரு நோயாளியைப் புரட்டச் சொல்வேன். பாதிப் பேர் அங்கேயே திணறிவிடுவார்கள். யின்லியான், வாதத்தில் ஒரு பக்கம் விழுந்திருந்த பெங் கிழவரை ஒரே மூச்சில் ஒருக்களித்துப் படுக்கவைத்தாள்.

"எங்கே கத்துக்கிட்ட?"

"எங்க வீட்டுப் பன்னிகிட்ட, ரான் அக்கா. அது கடிக்கும். இவர் கடிக்க மாட்டார்."

"யாரு சொன்னா?" என்றார் கட்டிலில் இருந்த பெங்.

அன்றிலிருந்து கடைசிவரை அவரை அவள்தான் பார்த்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் மடக்குக் கட்டிலைப் போட்டுப் படுப்பாள். அத்தனை வருடத்தில் அவர் முதுகில் ஒரு படுக்கைப்புண் வந்ததில்லை. இந்த வேலையில் அதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது.

அவளுடைய மகள் யாச்சின், மலைக் கிராமத்தில் யின்லியானின் அண்ணன் வீட்டில் வளர்ந்தாள். "பல்லு விழுந்ததையும் முளைச்சதையும் போன்லதான் பார்த்தேன்" என்பாள். அழமாட்டாள், சொல்லிவிட்டு மூத்திரப் பையை மாற்றப் போவாள். மகளுக்குக் கல்யாணம் என்றதும் அவள் ஆசைப்பட்டது ஒன்றுதான்: மணப்பெண்ணாகப் புறப்படும் காலையில் மகளின் தலையைத் தன் கையால் வார வேண்டும்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மாலை எங்கள் இருவருக்கும் ரயில். அன்று மதியம் பெங் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அவர் மகன் வந்து வாசலோடு நின்றுவிட்டான். உடல் விறைப்பதற்குள் குளிப்பாட்டி உடுத்த வேண்டும். பக்கத்து வார்டுப் பெண்கள் யின்லியானைத் தள்ளினார்கள்.

"ஓடிடுடீ! பொணத்தைத் தொட்டுட்டுக் கல்யாண வீட்டுக்குள்ள போவியா? உங்க மலையில விடுவாங்களா?"

விடமாட்டார்கள். அவளுக்கும் தெரியும்.

"உசுரோட இருந்தப்ப தினம் நான்தான் கழுவினேன். இன்னிக்கு மட்டும் வேற ஆளா? வெந்நீர் கொண்டாங்க."

எப்போதும் போலப் பேசிக்கொண்டே துடைத்தாள். "கையைத் தூக்குங்க, பெங் ஐயா. முரண்டு பிடிக்காதீங்க." இறந்தவர்களுக்கென்றே பொத்தான் இல்லாமல் நாடா வைத்துத் தைத்த சட்டையைப் போட்டாள். மறுபக்கம் நான் தாங்கிக்கொண்டேன்.

ரயிலில் நான் அவளிடம், "வாயைத் திறக்காதே. யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன்.

"பொய் சொல்லி உள்ள போனா, நாளைக்கு அவ வாழப்போற வீட்ல ஒரு கோழி செத்தாலும் பழி என் பொண்ணு தலையிலதான் விழும், அக்கா."

நான் அதை யோசிக்கவில்லை.

மறுநாள் காலை, வெடிச் சத்தத்துக்கு நடுவே அண்ணன் வீட்டு வாசலில் நின்றோம். அண்ணி மெய்சி இடுப்பில் கைவைத்துக் குறுக்கே நின்றாள். யாச்சினை வளர்த்தவள் அவள்தான். யாரை உள்ளே விடுவது என்பதும் அன்று அவள் கையில்தான்.

"என்ன, வாசல்லயே நின்னுட்ட?"

"அண்ணி, நேத்து நான் ஒரு பொணத்தைக் குளிப்பாட்டினேன். உள்ள வரலாமான்னு நீங்கதான் சொல்லணும்."

"வருஷத்துக்கு ஒரு தடவை தலையைக் காட்டுவ. வர்றப்ப இந்தத் தீட்டையும் கூட்டிட்டு வர்றியா?"

யின்லியான் சீப்பு இருந்த பையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மெய்சி உள்ளே போய் ஓர் இரும்புச் சட்டியைத் தூக்கிவந்து வாசற்படியில் வைத்தாள். அதில் கரி செக்கச்செவேலென்று கனிந்திருந்தது. இப்போது மூட்டிய நெருப்பல்ல அது.

"ஊர்ல பாதிப் பேர் வூஹான்லதான் வேலை பாக்குறாங்க. ராத்திரியே போன் வந்துடுச்சு. நீயா சொல்றியான்னுதான் பார்த்தேன். மறைச்சிருந்தா இந்தச் சட்டி உன் தலையிலதான் கவுந்திருக்கும். கையை நெருப்புல காட்டு, தீட்டு போகட்டும். ம், தாண்டு. பேன்ட்டைத் தூக்கிக்கோ, புதுசு!"

யின்லியான் தாண்டினாள். பேன்ட்டைத் தூக்க மறந்ததில் ஓரம் பொசுங்கியது.

மெய்சி என் பக்கம் திரும்பினாள். "நீங்களும் தொட்டீங்களா?"

"பாதி."

"அப்ப பாதி தாண்டுங்க."

என் மூட்டு வலியோடு, மெய்சியின் தோளைப் பிடித்துக்கொண்டு முழுசாகவே தாண்டினேன்.

உள்ளே யாச்சின் சிவப்பு உடையில் உட்கார்ந்திருந்தாள். தலை வார வசதியாக மெய்சியே அவள் நாற்காலியைத் திருப்பினாள். யின்லியான் சீப்பை எடுத்து, உச்சியிலிருந்து நுனிவரை ஒரே இழுப்பாக இழுத்தாள்.

"அம்மா, மெதுவா! நான் என்ன நோயாளியா?"

"நோயாளிங்க இப்படிக் கத்த மாட்டாங்க. தலையை ஆட்டாத."