ரத்தம் கம்மி, இரும்பு ஜாஸ்தி

அண்ணாமலையாரை நம்பி வாழும் அன்பர்களே, எனக்கு நடந்ததை உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும்.

என் பெயர் செல்வி. கோயிலுக்குப் பக்கத்து லாட்ஜ் ஒன்றில் வரவேற்பில் வேலை. வேங்கிக்காலில் ஒற்றை அறையில் தனியாக இருக்கிறேன். கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாம், "பொண்ணு வெளுத்துப்போய் இருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அப்பா அம்மா போன பிறகு பார்க்கவும் யாரும் வரவில்லை.

சிறு வயதிலிருந்தே எனக்கு ரத்தசோகை. எந்த டாக்டரிடம் போனாலும் இரும்புச்சத்து மாத்திரைதான். முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், பீட்ரூட் எல்லாம் சாப்பிட்டேன். சோர்வு கூடினால் நானே மருந்துக்கடையில் இன்னொரு அட்டை வாங்கிக்கொள்வேன். சோர்வு மட்டும் போகவில்லை. போன வருஷம் மூட்டெல்லாம் வலித்தது. முகம் கருத்துக்கொண்டே வந்தது. வயிற்றின் வலப்பக்கம் கல்லை வைத்த மாதிரி கனத்தது.

லாட்ஜுக்குக் குடும்பம் குடும்பமாக வருவார்கள். சிரித்த முகத்தோடு சாவி கொடுப்பேன். வீட்டுக்கு வந்தால் ஒரு வாய் வெந்நீர் வைத்துக் கொடுக்க ஆள் இல்லை.

ஆடி மாதப் பௌர்ணமி. சாயங்காலம் கிரிவலம் கிளம்பினேன். பாதி வழியில், அடி அண்ணாமலைக்கு மேல் கால் நகரவில்லை. ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன். அத்தனை ஜனமும் என்னைக் கடந்து போனது. இங்கேயே நான் விழுந்தால் யாருக்குச் சொல்லி அனுப்புவார்கள்? அதை நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. மலையைப் பார்த்துக் கேட்டேன்: "அப்பா, கொணமாக்குன்னு கூட கேக்கல. எனக்கு இன்னா நோவுன்னு காட்டு. எனக்குன்னு ஒரு ஆளக் காட்டு."

எழுந்தேன். கண் இருட்டியது. விழித்தபோது ஆஸ்பத்திரியில் இருந்தேன். யாரோ ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டிருக்கிறார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது.

அங்கே இருந்த இளம் பெண் டாக்டர் என் கதையை முழுசாகக் கேட்டார்.

"இத்தினி வருஷமா இரும்பு மாத்திரை சாப்புடறீங்களே, ஒடம்புல இரும்பு எவ்ளோ இருக்குன்னு டெஸ்ட் எடுத்தாங்களா?"

"இல்லீங்க. ரத்தம் கம்மின்னுதான் சொல்வாங்க."

பரிசோதனை முடிவு வந்ததும் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார். "ரத்தம் கம்மிதாங்க. ஆனா இரும்பு ரொம்ப ஜாஸ்தி. ரத்தத்துல ஹீமோகுளோபின்னு ஒரு புரதம் இருக்கு. உங்களுக்கு அது பொறப்புலயே மாறியிருக்கு. ரத்தம் பத்தலன்னு ஒடம்பு இரும்ப இழுத்துக்கிட்டே இருக்கும். வெளிய தள்ளத் தெரியாது. மாத்திரையும் சேந்து எல்லாம் ஈரல்ல போய்த் தங்கிடுச்சு. இது அப்பா, அம்மா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் வந்தது. கூடப் பொறந்தவங்க இருந்தா அவங்களும் பாத்துக்கணும்."

ஆரணியில் என் அண்ணன் ஏழுமலை இருக்கிறார். அம்மாவின் காரியத்துக்குப் பிறகு பேச்சு நின்றுபோயிருந்தது. சண்டை ஒன்றும் இல்லை. அவரும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று போன் போட்டேன். "அண்ணா" என்றதுமே அழுதுவிட்டேன்.

"இன்னா செல்வி, அழுவறியா? எங்க இருக்கற? நான் வர்றேன்."

மறுநாள் காலையில் கையில் இட்லிப் பொட்டலத்தோடு வந்து நின்றார். அவருக்கும் ரத்தம் எடுத்தார்கள். அப்பா அம்மாவில் ஒருவரிடமிருந்து மட்டும் அவருக்கு அது வந்திருந்தது. அதனால் நோய் இல்லை; பிள்ளைகளுக்குப் போகலாம். அவர் மகள் கீதா அப்போதுதான் முழுகாமல் இருந்தாள். அவளுக்கும் அது இருந்தது. மாப்பிள்ளை எங்கள் அம்மா வழிச் சொந்தம். அவருக்கும் இருந்தால் குழந்தைக்கு மாசாமாசம் ரத்தம் ஏற்றவேண்டிய நோய் வரலாம் என்றார் டாக்டர். முடிவு வரும்வரை நான் அண்ணாமலையாரை விடவில்லை. மாப்பிள்ளைக்கு இல்லை என்று வந்தது. "பயம் விட்டுச்சு செல்வி" என்று சொல்லிவிட்டு அண்ணன் போனிலேயே அழுதார். அவர் அழுது நான் கேட்டதில்லை.

இரும்பு மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். சேர்ந்த இரும்பை வெளியேற்ற வேறு மாத்திரை கொடுக்கிறார்கள். பிறவியில் வந்தது மாறாது. ஆயுசுக்கும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் வயிற்றுக் கனம் குறைந்திருக்கிறது. கார்த்திகை மாதம் அண்ணன் வந்து, என் நடைக்கு நடந்து, உட்கார்ந்த இடத்தில் எல்லாம் கூட உட்கார்ந்து, கிரிவலத்தை முடிக்கவைத்தார். பிறகு பஸ் ஏறிப் போய்விட்டார். பொழுது சாய்ந்தால் என் அறையில் இன்னும் சத்தம் இல்லைதான். அதை மறைக்க மாட்டேன். ஆனால் "சாப்ட்டியா?" என்று தினமும் ஒரு போன் வருகிறது.

யாரும் இல்லை என்று உட்கார்ந்திருக்கும் என் போன்றவர்களே, மனம்விட்டு அண்ணாமலையாரிடம் கேளுங்கள். வருஷக்கணக்கில் ரத்தசோகை தீராதவர்கள், அது பரம்பரையில் வந்ததா என்று பரிசோதித்துப் பாருங்கள். உடன்பிறந்தவர்களுக்கும் சொல்லுங்கள். நான் கேட்டது கூட்டத்தில் ஒருவர் காதிலும் விழவில்லை. அவர் காதில் விழுந்தது.