சென்றாயன் மச்சானின் ஒரு டம்ளர்

குடித்தால் சென்றாயன் மச்சானைப் போலக் குடிக்க வேண்டும் என்று எங்கள் மலையின் வளப்பூர் நாட்டில் பெண்களே சொல்வார்கள். சாயங்காலம் ஒரே டம்ளர் பிராந்தி. சண்டை கிடையாது, வேட்டி அவிழ்ந்து கிடந்தது கிடையாது. நெஞ்சுவலிக்குப் பார்த்த டாக்டர் ஒருவர் எப்போதோ, "கொஞ்சமா இருந்தா பரவாயில்ல" என்றாராம். மச்சான் அதை மருந்தாகவே எடுத்துக்கொண்டார். "அளவுக்கு மிஞ்சினாத்தான் மாப்ளே நஞ்சு" என்பார். மரத்தில் படர்ந்த மிளகைப் பறிக்க அவர் ஏறுவார், மூங்கில் ஏணியைக் கீழே பிடித்துக்கொள்வது நான். எங்கள் இருவர் பிழைப்பும் அவர் கையில் இருந்தது.

இந்தத் தை மாதத்திலிருந்து காலையில் அந்தக் கை நடுங்க ஆரம்பித்தது. சாயங்காலம் டம்ளர் உள்ளே இறங்கியதும் நின்றுவிடும். மச்சான் யோசித்தார். சாயங்கால டம்ளரைக் காலைக்கு மாற்றிவிட்டார்!

"அளவைக் கூட்டலியே, நேரத்தைத்தானே மாத்தினேன்" என்றார்.

கை நடுக்கம் நின்றது, பயம் என்னைப் பிடித்தது. நடுங்கும் கையோடு ஏறினாலும் பயம், குடித்துவிட்டு ஏறினாலும் பயம். விழுந்தால் அவர் மட்டுமா? அடியில் நிற்பவன் நானல்லவா.

வீடு வீடாக பிரஷர் பார்க்க வரும் நர்ஸ் ரோஸ்லினைப் பிடித்து மச்சான் முன்னால் உட்கார வைத்தேன். திருச்சிப் பக்கத்துப் பெண், லேசில் சிரிக்க மாட்டாள்.

"கொஞ்சமா குடிச்சா நெஞ்சுக்கு நல்லதுங்கறது பழைய பேச்சு ஐயா. இப்ப டாக்டருங்க யாரும் அதுக்காகக் குடிக்கச் சொல்றதில்ல. இந்த நடுக்கமே குடியாலதான் இருக்கும்."

"குடிச்சா நிக்குதுங்களே அம்மணி?"

"அதனாலதான் சொல்றேன். உடம்பு பழகிடுச்சு. எவ்வளவு குடிப்பீங்க?"

மச்சான் பெருமையாக உள்ளே கை காட்டினார். அவர் மனைவி, என் அக்கா பொன்னம்மாள், டம்ளரைக் கொண்டுவந்து வைத்தாள். மோர் குடிக்கிற பெரிய டம்ளர். எங்கள் மலையில் தானியத்தைக் கோபுரமாகத்தான் அளப்போம். தலைதட்டி அளந்தால் கஞ்சன் என்பார்கள். அக்காவும் புருஷனுக்குத் தளும்பத் தளும்பத்தான் ஊற்றியிருக்கிறாள்.

ரோஸ்லின் டம்ளருக்குள் எட்டிப் பார்த்துத் தலையில் கை வைத்தாள். "இதுவா ஒரு டம்ளர்! விட்டுடணும் ஐயா. ஆனா நீங்களா திடீர்னு நிறுத்திடாதீங்க, அதுவும் ஆபத்து. டாக்டரைப் பாருங்க."

குடிக்கக் கூடாது, நிறுத்தவும் கூடாது.

மறுநாள் காலை மச்சான் குடிக்காமலே தோட்டத்துக்கு வந்தார். "நான் புடிச்சுக்கறேன், நீ ஏறு மாப்ளே."

ஏறினேன். பாதி மரத்தில் கால் கூசியது. காற்றே இல்லை. மச்சானின் நடுக்கம் மூங்கில் வழியே என் உள்ளங்காலுக்கு ஏறி வந்துகொண்டிருந்தது. கீழே பார்த்தேன். ஏணியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தார்.

"நிக்கமாட்டேங்குது மாப்ளே" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

இறங்கி, ஏணியை எடுத்துப் புல்லில் போட்டேன். மிளகு கொடியிலேயே கிடக்கட்டும்.

"கிளம்பு மச்சான். பஸ்ஸைப் புடிச்சு டாக்டர்கிட்டப் போலாம்."

"டம்ளரை எடுத்துக்கட்டுமா?"

"காட்டவா, குடிக்கவா?"

அவர் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தெரியலியே மாப்ளே" என்றார்.