ஒரே போர்வைக்குள் கால்கள்

ராஜபாளையத்தில் எங்கள் தறியில் நெய்யும் பேண்டேஜ் துணியை விற்க, இமாச்சலத்தின் குலு பள்ளத்தாக்கில் ஆற்றங்கரையோரம் மருந்துக்கடை நடத்தும் ஒரு அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். அந்த ஆர்டர் கிடைத்தால்தான் நிறுத்திவைத்த இரண்டு தறிகளும் ஓடும். நூல் நம்பர், அகலம், நீர் உறிஞ்சும் நேரம் என்று பேச வேண்டியதை வரிசையாக எழுதிவைத்திருந்தேன்.

கடைக்குப் பின்னால் அவர் வீடு. அடுப்பின் அருகே வீட்டார் எல்லோரும் ஒரே பெரிய போர்வைக்குள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். நான் மட்டும் தள்ளி உட்கார்ந்து பட்டியலை வாசித்தேன். மூன்றாவது வரியிலேயே குளிரில் பற்கள் தந்தியடித்தன.

"முதலில் காலை உள்ளே விடு" என்றார் கடைக்கார அம்மா, இந்தியில்.

விட்டேன். என் கால் அவர் கால்மேல் பட்டுவிட்டது. பதறிப்போய்ப் போர்வைக்குள் கையை விட்டு, அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

"என்ன தேடுகிறாய்?"

"கால் பட்டால் எங்கள் ஊரில் இப்படித்தான் செய்வோம்."

"இங்கே பனிக்காலம் முழுக்கப் படும். அப்புறம் கும்பிடவே நேரம் சரியாகிவிடும்" என்று சிரித்தவர், சில்லிட்ட என் கால்களைத் தன் பாதங்களுக்கு நடுவே அமுக்கிக்கொண்டார்.

அப்படியே உட்கார்ந்தபடி துணி மாதிரியைத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டார். அது உடனே நீரை உறிஞ்சி மூழ்கியது. ஆர்டர் தந்தார். பட்டியலில் பாதியை நான் வாசிக்கவே இல்லை.

"ஏட்டி, அங்க எம்புட்டுக் குளிரு?" என்று ஊரிலிருந்து போனில் கேட்டாள் என் அம்மா.

"இப்பக் குளிரலம்மா. தறியை ஓட்டச் சொல்லு."