துணிக்கொடியில் காய்ந்த கடைசிச் சுருள்

தொலைந்துபோன படத்தைப் பற்றி எழுதுவதில் ஒரு வசதி உண்டு. யாரும் பார்த்துவிட்டு வந்து சண்டை போட முடியாது. அந்த வசதியை நம்பித்தான், கடல் தாண்டித் தம்போயில் உட்கார்ந்துகொண்டே ஊமைப்பட நிபுணர் என்ற பட்டத்தை எனக்கு நானே வழங்கிக்கொண்டேன்.

ஒரு சோகப் படம் என் தனிச்சொத்து. அதைப் பற்றிக் கிடைத்தது பழைய விளம்பரத்தில் நாலு வரி. மீதிப் படத்தை நானே எடுத்தேன். கடைசிக் காட்சியில் நாயகி கைவிளக்கை ஊதி அணைத்துவிட்டுச் சத்தமில்லாமல் அழுவாள் என்று எழுதினேன். ஊமைப்படத்தில் வேறெப்படி அழுவாள் என்பது கட்டுரை அச்சான பிறகுதான் உறைத்தது.

சென்ற மாதம் ரெங்கத்திலிருந்து ஓர் அக்கா கூப்பிட்டார். என் வாசகி. அவருடைய மாமனார் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம் தோட்டமாகப் போய்ப் படம் காட்டியவராம். பரணில் ஒரு தகர டப்பா கிடைத்திருக்கிறது. மூடியில் அதே படத்தின் பெயர், கீழே ‘கடைசிச் சுருள்’.

“நீங்க எழுதினீங்களே சார், அந்தப் படந்தான். வந்து பாருங்க லா.”

வேறொரு நிபுணர் ஆனந்தக் கண்ணீர் விட்டிருப்பார். நான் என் கட்டுரையை எடுத்து மறுபடி படித்தேன். அதில் கைவிளக்கே இல்லாவிட்டால்? நாயகி சிரித்துத் தொலைத்தால்? கார் வழியில் பழுதாகட்டும் என்று வேண்டிக்கொண்டே ஓட்டினேன். அதுவோ என்றுமில்லாத ஒழுக்கத்துடன் ஓடியது.

அக்கா வாசலிலேயே காத்திருந்தார். பக்கத்துத் துணிக்கொடியில், கைலிக்கும் துண்டுக்கும் நடுவே, கண்ணாடி போல ஏதோ நீளநீளமாகத் தொங்கியது.

“ஒரே நாத்தம் சார், பிசுபிசுன்னு வேற. பெரிய மனுசன் வர்றீங்க, அப்படியேவா கையில குடுக்கிறது? சுடுதண்ணியில ஊறப்போட்டு, சோப்புப் போட்டுத் தேச்சுட்டேன். கறுப்பா வந்துச்சு பாருங்க, எத்தன வருசத்து அழுக்கு!”

பிலிமில் ஒட்டியிருந்த அந்த அழுக்குதான் படம் என்று சொல்ல வாய் வரவில்லை. அதைவிடக் கேவலம், எனக்குள்ளே ஒருவன் கைதட்டிக்கொண்டிருந்தான்: தப்பித்தாயடா, நிபுணா.

அவரே சுருளின் ஒரு நுனியை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். முகம் வாடிவிட்டது. “அலமாக், ஐயையோ. ஒண்ணுமே இல்லையே. நாந்தான் கெடுத்துட்டேனா?”

அவரே தன்னைத் தேற்றிக்கொண்டார்.

“போவட்டும் சார். முடிவத்தான் நீங்க எழுதி வச்சிட்டீங்களே. வெளக்க ஊதிட்டு அழுவுறாளே... மூணு தடவ படிச்சேன். மூணு தடவயும் அழுதேன்.”

திட்டியிருந்தால் நிம்மதியாக வீடு திரும்பியிருப்பேன்.

“அக்கா, நான் அந்தப் படத்தப் பாத்ததே இல்ல. யாரும் சொல்லிக் கேட்டதும் இல்ல. வெளக்கும் நான் வச்சது, அழுகையும் நான் வச்சது.”

அவர் என்னையும் கொடியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அப்ப நான் அழுதது?”

நான் கார்ச் சாவியைத் துழாவினேன்.

“நானாச்சும் தெரியாம செஞ்சேன்” என்றார் அக்கா. பிறகு வானத்தைப் பார்த்தார். “மழ வருது. சும்மா நிக்காம வந்து புடிங்க சார்.”

அவர் கைலிகளை எடுத்தார். நான் சுருளை எடுத்தேன். நிபுணனாகி இத்தனை வருடத்தில் அந்தப் படத்தை நான் தொட்டது அன்றுதான்.