சித்தியின் தடைக்காலம்

மீன்பிடித் தடை முடிந்து விசைப்படகுகள் கரை திரும்பும் முதல் காலை என்றால் எனக்கு நினைவுக்கு வருவது ஓர் அன்னக்கூடைதான். கடலூர் துறைமுகத்துக்குப் போகும் எங்கள் தெருவில் பெண்கள் எல்லோரும் மீன் எடுக்க, அலுமினிய அன்னக்கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். என் சித்தி மட்டும் தன்னுடையதை வாசலில் கவிழ்த்துப்போட்டு, அதன்மேல் உட்கார்ந்து டீ குடிக்கிறாள்.

"என்னாடி, கெளம்புல?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டு அக்கா.

"உங்களுக்குத்தான் தடை முடிஞ்சுது. எனக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கு."

தெருவே சிரித்தது. பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த எனக்கு வெட்கமாக இருந்தது.

சித்தி என் அம்மாவின் தங்கை. சித்தப்பா சீக்கிரமே போய்விட்டார், பிள்ளைகள் இல்லை. திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டில் மீன் விற்றாள். மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் அந்த இரண்டு மாதமும் படகுகள் கரையில் நிற்கும்போது எங்கள் தெரு கடன் வாங்கிச் சாப்பிடும். சித்தி சேர்த்துவைத்ததைச் சாப்பிடுவாள். ஒரு வருடம் தடை முடிந்த பிறகும் கையில் கொஞ்சம் மீந்திருந்தது. அதில் பிறந்ததுதான் அந்த ஒரு வாரம். "கழுத்து ஒடிஞ்சி கூடைய எறக்கக் கூடாது, நல்லா இருக்கும்போதே எறக்கணும். எனக்கு யாரு இருக்கா? நானேதான் எனக்குப் புள்ள" என்பாள். ஐம்பது வயதுக்குள் கூடையை இறக்கிவிட வேண்டும், யாரிடமும் கையேந்தக் கூடாது. அவளுக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

மீன் விற்ற கையோடு நேராகத் தபால் நிலையம் போவாள், பிறகுதான் வீடு. வாசலைத் தாண்டி உள்ளே வந்த காசு திரும்பி வெளியே போகாது என்பது அவள் கட்சி. அந்தச் சேமிப்பின் வட்டியைத் தவிர வேறெதையும் தன் தடை நாட்களுக்குத் தொடமாட்டாள். அவசரத்துக்குப் போட்ட முதலிலிருந்து கொஞ்சம் எடுத்தால் என்ன என்று அம்மா ஒருமுறை கேட்டபோது, "தாய் மீனப் புடிச்சித் தின்னுட்டா அடுத்த வருஷம் எதப் புடிப்ப?" என்றாள். வருடத்துக்கு வருடம் அவளுடைய தடைக்காலம் நீண்டது. ஒரு வாரம் ஒரு மாதமானது, ஒரு மாதம் தீபாவளியைத் தொட்டது. இடையில் வீட்டின் பின்பக்கம் ஓர் அறை கட்டி வாடகைக்கு விட்டாள்.

அப்போதுதான் ஒரு புயல் அந்த அறையின் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. வாடகை நின்றது. சித்தி முதலைத் தொடவில்லை. மறுவாரமே தலையில் சும்மாடு சுற்றி, கூடையை ஏற்றிக்கொண்டு மார்க்கெட்டில் போய் உட்கார்ந்தாள்.

"என்ன மொதலாளியம்மா, பென்ஷன் நின்னுபோச்சா?" என்று கேட்டாள் அதே அக்கா.

"நிக்கலக்கா. பென்ஷன் லீவு போட்டிருக்கு. நீ மீனப் பாரு."

கூரை திரும்ப ஏற இரண்டு வருடம் ஆனது. அதற்கடுத்த வருடம் தடை முடிந்தும் சித்தி போகவில்லை. தீபாவளி போனது, பொங்கல் போனது, மாசி மகம் போனது. மறு தடை தொடங்குவதற்கு முந்தின நாள், நாற்பத்தெட்டு வயதில், கையில் ஒரு வயர்கூடையோடு மார்க்கெட்டுக்குள் நுழைந்தாள். என்னையும் கூட்டிப்போயிருந்தாள். காலமெல்லாம் வஞ்சிரம் விற்று மத்தி தின்றவள், அந்த அக்காவின் முன்னால் நின்று வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்த்தாள்.

"என்னா வெல சொல்ற? ஜாஸ்தி."

"நீயே வித்தவ. ஒனக்கு வெல தெரியாதா?"

"தெரிஞ்சுதான் கேக்குறேன். கொறச்சிக் குடு, ஒரு வருஷமா சும்மா ஒக்காந்து தின்றவ."

அக்கா சிரித்துவிட்டாள். குறைத்தும் கொடுத்தாள். அன்றைக்குச் சித்தி வெறுந்தலையோடு நடந்து வந்த நடையை நான் மறக்கவே இல்லை.

இப்போது நான் சிதம்பரத்தில் ஒரு தனியார் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மகள் தூங்கும்போதே கடலூரில் பஸ் ஏறிவிடுகிறேன். அவள் வளர்ந்து முடிப்பதற்குள் என் நேரம் என்னுடையதாக வேண்டும் என்று, அவள் பிறந்ததிலிருந்து சம்பளத்தில் ஒரு பங்கை ஒதுக்குகிறேன். ஆனாலும் பயம்தான். விலைவாசி ஏறினால், பள்ளிக் கட்டணம் கூடினால், யாருக்காவது உடம்புக்கு வந்தால்? "நீ கணக்குப் போட்டுப் போட்டே கெழவி ஆயிடுவ" என்கிறார் கணவர். போன மாதம் துணிந்து சம்பளமில்லா விடுப்பு எடுத்தேன். வீட்டுச் செலவில் என் பங்கை, ஒரு வருட வட்டியை மட்டும் வைத்துச் சமாளிப்பது என்று முடிவு. பதினைந்து நாள் தாங்கியது. முதலைத் தொடவில்லை.

விடுப்பின் கடைசி நாள் காலையில் மகளோடு சித்தி வீட்டுக்குப் போனேன்.

"எத்தினி நாளு வந்துது?"

"பதினஞ்சுதான் சித்தி."

"தான் என்னாடி தான்! நான் ஆரம்பிச்சது ஒரு வாரம்."

வாசலில் அந்த அன்னக்கூடை கவிழ்ந்தே கிடந்தது. என் மகள் அதன்மேல் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டினாள். தூரத்தில் நான் வழக்கமாக ஏறும் சிதம்பரம் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. சித்தி என்னிடம் டீயை நீட்டினாள். சூடு ஆறும்வரை நிதானமாக ஊதிக் குடித்தேன்.