இத்தாலியில் பிறக்காத சாஃப்டி

சுகிர்தபாய் பேனா மூடியைப் பல்லால் கடித்துக் கழற்றுகிறார். மேசையில் ஒரு கட்டு டிஷ்யூ. ஒவ்வொன்றின் மூலையிலும் நீல நிறத்தில், மலையாளத்தில், ஒரு வரி அச்சாகியிருக்கிறது: 'இத்தாலியின் தெருவோரத்தில் சுவைத்த ஒரு வாய், அதுவே எர்மோனின் தொடக்கம்.' இத்தாலியை ஒரே கோட்டில் அடித்துவிட்டு, மேலே பாறசாலை என்று எழுதுகிறார். தாள் கிழிகிறது. சுருட்டி ஓரமாகப் போட்டுவிட்டு அடுத்ததை எடுக்கிறார். கல்லாவில் நிற்கும் ரெஜிலா, பார்த்தும் பார்க்காதவள்போல் ஒரு கோனைப் பிடித்து நீட்டுகிறாள். எர்மோன் கூல்பாரின் பாறசாலைக் கிளையில் சாயங்காலம் என்றால் இதுதான்.

அந்தக் கோனை அவர் தின்பதில்லை. சாஃப்டி ஐஸ்கிரீம் என்றால் அவருக்குப் பல் கூசும். ஆனால் சாய்ந்திருக்கிறதா என்று கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார், நுனியில் கொக்கி விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார், பிறகு பக்கத்து மேசையில் யார் இருந்தாலும் அவர் கையில் கொடுத்துவிடுவார். தனுவச்சபுரத்துக் கல்லூரிப் பிள்ளைகள் பலர் இப்படி ஓசியில் தின்றிருக்கிறார்கள். தின்பவர்கள் சும்மா போக முடியாது, கதை கேட்க வேண்டும்.

"இத்தாலியாம் இத்தாலி. எனக்க தம்பி சவுதியில தம்மாமுக்கு அங்கோட்டு ஒரு ஊரு கண்டதில்ல மக்கா. அங்ஙண ஓட்டல்ல பாத்திரம் கழுவினவனாக்கும். மெஷினு கண்டதும் அங்ஙண தான்."

தம்பி ராபின்சன் இப்போது இல்லை. எர்மோன், பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை, வெள்ளறடை, அம்பூரி என்று கிளை விட்டு, பொரித்த கோழியும் பர்கரும் விற்கிற பெரிய கடையாகிவிட்டது. நடத்துவது ராபின்சனின் மகன் வினீத். பெங்களூரில் படித்துவிட்டு வந்த பையன், கெட்டவன் இல்லை. ஆனால் வந்ததும் எல்லாக் கிளையிலும் சுவர் நிறைய ஒரு வரலாற்றுப் பலகை வைத்தான். அதில் ராபின்சன் ஒரு கல்தூணுக்கு முன்னால் நிற்கிறார். தூண் கம்ப்யூட்டரில் வந்தது. அதைப் பார்த்த அன்று சுகிர்தபாய் சாப்பிடவில்லை. பாத்திரம் கழுவியதில் என்ன கேவலம் என்றுதான் அவருக்கு ஆத்திரம். ராபின்சனே ஒருநாளும் அதை மறைத்ததில்லை.

ராபின்சன் ஊர் திரும்பி மெஷின் வாங்கிய காலத்தில் அதை ஓட்டியது சுகிர்தபாய். அடிக்கடி கரண்டு போகும், உள்ளே இருப்பது கஞ்சியாகிவிடும். வருகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, இது என்ன பசை என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அக்காவும் தம்பியும் ஈ ஓட்டினார்கள். மெஷினை விற்றுவிடலாம் என்று ராபின்சன் சொன்ன வாரத்தில்தான் சபையில் அறுப்பின் பண்டிகை வந்தது.

அன்றைக்கு அவரவர் முதல் விளைச்சலைப் பீடத்தின் முன்னால் கொண்டு வைப்பார்கள். வாழைக்குலை, மரச்சீனி என்கிற மரவள்ளிக்கிழங்கு, கோழி, முட்டை, ரப்பர் ஷீட்டுகூட வரும். ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். சுகிர்தபாய்க்கு வயலும் இல்லை, தோட்டமும் இல்லை. எனக்க விளைச்சல் இதாக்கும் என்று ஒரு கோனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். உருகும் பண்டத்தை ஏலத்துக்குக் கொண்டுபோகிற புத்தி வேறு யாருக்கு வரும்? சபை சிரித்தது.

சிரிப்போடு போயிருக்கும். ஆனால் ஷீட்டு வியாபாரி பொன்னப்பன் ஒரு விலை கேட்டார். அவரோடு பேச்சுவார்த்தை இல்லாத மச்சினன் உடனே மேலே கேட்டார். இவர் ஏற்ற, அவர் ஏற்ற, யாரும் இறங்கி வரவில்லை. கோன்தான் இறங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் பொன்னப்பன் கைக்கு வந்தது நனைந்த வெறும் கூடு. சபையே விழுந்து விழுந்து சிரிக்க, மச்சினனும் சிரித்துவிட்டார். மறுநாள் பொன்னப்பன், வாங்கியது என்ன ருசி என்று தெரிய வேண்டாமா என்று குடும்பத்தோடு கடைக்கு வந்தார். கூடவே மச்சினன் குடும்பமும். ஊர் அவர்கள் பின்னால் வந்தது.

எர்மோனின் தொடக்கம் இதுதான். அதன்பின் அறுப்பின் பண்டிகை தவறாமல் ஒரு கோன் பாறசாலைக் கடையிலிருந்து எதிர்ப்புறத்துச் சபைக் கோயிலுக்குப் போகும். அதைப் பிடித்துக்கொண்டு நிற்பது சுகிர்தபாய். உருகி முடிவதற்குள் ஏலம் முடிந்ததே இல்லை. எடுத்தவருக்கு ஒன்றும் கிடைக்காது என்பது எல்லாருக்கும் தெரியும், தெரிந்துதான் கேட்பார்கள். பலகையில் இதில் ஒரு எழுத்து இல்லை. வெள்ளறடைக் கிளையில் உருளைக்கிழங்கு தீர்ந்த நாளில் அவர் மரச்சீனியை விரல் விரலாக நறுக்கிப் பொரித்தார், அதுவும் இன்று 'கசாவா ஃப்ரைஸ்' என்று வினீத்தின் கண்டுபிடிப்பாகத் தொங்குகிறது. இதையெல்லாம் பொறுத்தவர், இந்த வருடம் வினீத் சொன்னதைப் பொறுக்கவில்லை.

"மாமி, இனி கோன் வேண்டாம். அது சொட்டுகதை ஆளுவ போன்ல படம் எடுத்துப் போடுதாவ. நமக்க பேருக்குக் கேடாக்கும். கவர்ல கூப்பன் வச்சுக் குடுப்போம். எடுக்கவன் கடையில வந்து வேண்டிக்கிடட்டு."

"எலே, கூப்பன் விளைஞ்சா வருகு?" என்று கேட்டார் சுகிர்தபாய். வினீத் போனைப் பார்த்தான்.

சென்ற ஞாயிறு பீடத்தின் முன்னால் வாழைக்குலைக்கும் கோழிக்கும் நடுவில் ஒரு மினுமினுக்கும் கவர் இருந்தது. ஏலம் விடும் கனகதாஸ் அதைத் தூக்கிக் காட்டினார். ஒரு சத்தமும் இல்லை. கடையில் நேரே போய் வாங்கக்கூடியதை எதற்கு ஏலத்தில் கேட்பது? கனகதாஸ் மைக்கில் இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தார். பெண்கள் பக்கத்துப் பெஞ்சிலிருந்து சுகிர்தபாய் எழுந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு, வெளியே போனார்.

திரும்பி வந்தபோது கையில் கோன் இருந்தது. சாயாமல், நுனியில் கொக்கியோடு. மீன மாதத்துச் சுடும் வெயிலில் சாலையைக் கடந்ததில் விரலிடுக்கு ஏற்கெனவே வெள்ளை.

"ஏலம் விளியும் கனகதாசே. சாதனம் வந்தாச்சு."

பின்பெஞ்சிலிருந்து ஒருவர் கேட்டார். ஜன்னலோரத்திலிருந்து இன்னொருவர் மேலே கேட்டார். பிறகு கனகதாசுக்கு மூச்சுவிட நேரமில்லை. பால் மணிக்கட்டைத் தாண்டி முழங்கை வரை வழிந்தது. முன்வரிசையில் இருந்த வினீத் குனிந்தபடி எழுந்து வந்தான்.

"மாமி, எல்லாரும் பாக்காவ. தொடையுங்க," என்று டிஷ்யூவை நீட்டினான்.

சுகிர்தபாய் இடது கையால் அதை வாங்கி விரித்து, மூலையிலிருந்த இத்தாலி வரியை உதடு அசையப் படித்தார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை, அந்த மூலையாலேயே நன்றாக அழுத்தித் துடைத்தார். பிறகு ஒரே கையால் அதை மடித்து, வினீத்தின் வெள்ளைச் சட்டைப் பையில் செருகி, பையின்மேல் ஒரு தட்டுத் தட்டினார்.